சாமுராய்த் தோள்கவசம் கோத்துப் பார்த்த அனுபவம்

ஜப்பானில் காமகுரா காலத்துச் (12 முதல் 14-ஆம் நூற்றாண்டு வரை) சாமுராய்கள் இரண்டு தோளிலும் தொங்கவிட்ட பெரிய சதுரக் கவசத்துக்கு ஓ-சோதே என்று பெயர். அகலமும் உயரமும் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர். இடது தோளுக்கான ஒன்றை அந்த அளவிலேயே கோத்து முடித்துவிட்டேன். கூடவே, அதே அளவில், 16-ஆம் நூற்றாண்டு முறைப்படி இன்னொரு பலகையும் செய்தேன். ஷோகன்கள் என்னும் ராணுவத் தலைவர்கள் ஆண்ட ஏறக்குறைய 700 ஆண்டுகளில் போர் எப்படி மாறியது என்று நிறையப் படித்திருக்கிறேன். ஆனால் ஏன் அப்படி மாறியது என்பது இந்த இரண்டையும் செய்யும்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

முதலில் செதில்கள். கொசானே என்று அழைக்கப்படும் சின்னச் சின்னச் செதில்கள்தான் பழைய கவசத்தின் அடிப்படை. அசலில் அவை இரும்பு, அல்லது நெரிகாவா என்னும் கெட்டிப்படுத்திய பச்சைத் தோல். எடை கூடாமலிருக்க, முக்கியமான இடங்களில் மட்டும் இரும்பும் தோலும் மாறி மாறி வரும். எனக்கு அதெல்லாம் கட்டுப்படியாகாது. ஒரு மில்லிமீட்டர் பிவிசி தகட்டை 2 சென்டிமீட்டர் அகலம், 6 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டி, செருப்புத் தைப்பவர்கள் வைத்திருக்கும் துளைபோடும் கருவியால் துளை போட்டேன். ஒரு செதிலுக்கு 13 துளை. ஒரு வரிசைக்கு 30 செதில், மொத்தம் ஏழு வரிசை. ஆக 210 செதில், 2,730 துளை. அதுவும் ஒரே ஒரு தோளுக்கு!

கீழ்ப்பக்கத் துளைகள் பக்கத்துச் செதிலோடு சேர்த்துக் கட்டுவதற்கு. மேல் துளைகள் வரிசையை வரிசையோடு இணைக்கும் நாடாவுக்கு. ஒவ்வொரு செதிலும் அடுத்ததைப் பாதி மூடுவதால், எங்கே தொட்டாலும் இரண்டு தகட்டுக் கனம் இருக்கும். கட்டிய வரிசை முழுவதற்கும் அவர்கள் அரக்குப் பூசி விறைப்பாக்கினார்கள். நான் கறுப்பு எனாமலோடு நிறுத்திக்கொண்டேன்.

அப்புறம் ஒரு விஷயம். கூரை ஓட்டில் மேல் ஓடு கீழ் ஓட்டை மூடும். இங்கே நேர்மாறு: கீழ் வரிசை மேல் வரிசையின் வெளிப்பக்கமாக வந்து உட்காரும். அதனால் கீழ் விளிம்பைப் பிடித்துத் தூக்கினால் ஏழு வரிசையும் ஒன்றுக்குள் ஒன்று அடங்கி ஒரு சாண் உயரம்கூட இல்லாமல் மடங்கிவிடுகிறது. கவசத்தைப் பெட்டிக்குள் வைத்துத் தூக்கிப்போக இது எவ்வளவு வசதி!

முடித்ததைத் தோளில் கட்டி, வில் இழுப்பதுபோல் கையை விரித்துப் பார்த்தேன். பலகை தானாகப் பின்னால் நழுவி வழிவிடுகிறது. கையை இறக்கினால் மேற்கையை மூடிக்கொள்கிறது. யோரிதோமோ 1192-இல் ஷோகன் ஆன காலத்தில் சாமுராய் என்றாலே குதிரைமேல் இருந்து அம்பு விடுபவன். இரண்டு கையும் வில்லுக்கே போய்விடும், கேடயம் பிடிக்க ஏது கை? அந்த வேலையைத்தான் இந்தப் பலகைகள் செய்தன. மார்புப் பக்கத்திலும் இதே யோசனைதான்: வில்நாண் செதிலில் மாட்டாமல் வழுக்கிப் போக, அங்கே வழவழப்பான சித்திரத் தோல் ஒன்றைப் போர்த்தியிருப்பார்கள்.

உண்மையான உழைப்பு ஒதோஷியில் இருக்கிறது. வரிசைகளை மேலும் கீழும் இணைக்கும் நாடா வேலைக்கு அதுதான் பெயர். பழைய முறை கெபிகி. ஒரு துளையையும் விடாமல், நாடாக்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும்படி நெருக்கமாகக் கோக்க வேண்டும். முடித்துப் பார்த்தால் தகடே தெரியாது, பட்டுத்துணி போலத் தெரியும். அவர்கள் பட்டு நாடா பின்னினார்கள். நான் 8 மில்லிமீட்டர் பருத்தி நாடாவை எடுத்துக்கொண்டேன். நாடா ஒரு இடத்திலும் முறுக்கிக்கொள்ளக் கூடாது, இழுவையும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் கொஞ்சம் இறுகினாலும் வரிசை சாய்ந்துவிடும். இரண்டு வரிசைக்கு நடுவே ஒரே அளவு மரச்சட்டத்தைச் செருகி வைத்துக் கோத்ததால் சமாளிக்க முடிந்தது. நாடாவின் நுனியைப் பசையில் தோய்த்துக் காயவைத்தால் ஊசியே தேவையில்லை. ஒரு வரிசைக்குக் கிட்டத்தட்ட 4 மீட்டர் நாடா போகிறது.

சரி, இரண்டாவது பலகை. 1467-இல் ஓனின் போர் என்னும் உள்நாட்டுப் போர் தொடங்கிய பிறகு அஷிகாகா ஷோகன்களின் பிடி தளர்ந்து, ஒவ்வொரு பிரபுவும் தனிப்படை திரட்டினார். அஷிகாரு என்னும் காலாட்படையினர் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டார்கள். அவர்களுக்கு எளிய கவசத்தைப் பிரபுவே கொடுத்து வைத்தார். 1543-இல் தனேகாஷிமா தீவுக்குத் துப்பாக்கியும் வந்து சேர்ந்தது. வசதி படைத்த ஒரு குதிரைவீரனுக்காக மாதக்கணக்கில் கோத்த காலம் அதோடு போயிற்று. செதிலுக்குப் பதில் முழுத் தகடு, கெபிகிக்குப் பதில் சுகாகே. அதாவது இடைவெளி விட்டு, இரட்டை இரட்டையாக மட்டும் நாடா. ஒரு வரிசைக்கு 30 செதில் வெட்டத் தேவையில்லை. ஒரே தகடு, எட்டு இழை. நாடாவும் ஒரு மீட்டர்தான். முதல் பலகையில் ஒரு வரிசையைக் கோக்கும் நேரத்துக்குள் இந்தப் பலகையின் நாடா வேலையே முடிந்துவிட்டது. ஒரு படைக்கே கவசம் தரவேண்டிய பிரபுவுக்கு வேறு எந்த முறை கட்டுப்படியாகும்?

நனைத்தும் பார்த்தேன். உலர்ந்த நிலையில் கெபிகிப் பலகை 480 கிராம், தண்ணீரில் முக்கி வடியவிட்டதும் 660 கிராம். சுகாகே 205-லிருந்து 255-க்குத்தான் ஏறியது. மின்விசிறிக்கு அடியில் ஓர் இரவு வைத்தும் கெபிகியின் உள்மடிப்புகளில் ஈரம் போகவில்லை. சகாகிபாரா கோசான் என்ற அறிஞர் 1800-இல் எழுதிய கவச நூலில் இதைத்தான் குறை சொல்கிறார்: நெருக்கமான நாடா நனைந்தால் கனக்கும், சீக்கிரம் காயாது, குளிர்காலத்தில் உறைந்துபோகும். நீண்ட படையெடுப்பில் நாறும், எறும்பும் பேனும் அடையும். ஈட்டிமுனை வழுக்கிப் போகாமல் அதில் சிக்கிக்கொள்ளும்.

அவர் ஏன் 1800-இல் இதை எழுத வேண்டி வந்தது என்பது இன்னும் சுவாரசியமானது. 1615-இல் ஒசாகா கோட்டை விழுந்தபின், தோகுகாவா ஷோகன்களின் ஆட்சியில் பெரிய போர்கள் நின்றுவிட்டன. கவசம் பெருமைக்கான பொருளாயிற்று. ஓ-சோதேயும் நெருக்கமான நாடாவும் மறுபடி மோஸ்தருக்கு வந்தன. வில்வீரர்களின் கவசத்தை, போரையே பார்க்காத தலைமுறைகள் அணிந்துகொண்டன. கோசானுக்கு அது பொறுக்கவில்லை. அவர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. ஆனாலும் கெபிகியைக் கோத்து முடித்த கைக்கு, அதை விரும்பியவர்களையும் வெறுக்க மனம் வரவில்லை.

நிறம்தான் மிச்ச வேலை. தோக்கியோவின் மேற்கே மலைமேல் இருக்கும் முசாஷி மிதாகே ஆலயத்தில் ஒரு சிவப்பு நாடாக் கவசம் இருக்கிறது. 1191-இல் ஹதகேயாமா ஷிகேதாதா காணிக்கை செலுத்தியதாகச் சொல்வார்கள். மெய்ஜி காலத்தில் (1868–1912) பழுது பார்த்தபோது வேதிச் சாயமேற்றிய நாடாவைச் சேர்த்தார்கள். அது வெளிறிவிட்டது. அகானே என்னும் செடியின் வேரில் சாயமேற்றிய பழைய நாடாவோ இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. அகானேயின் நெருங்கிய சொந்தம் நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் மஞ்சிட்டி. படிகாரத் தண்ணீரில் ஊறிய துண்டு நாடாவை மஞ்சிட்டிச் சாற்றில் போட்டு, கொதி வராமல் இளஞ்சூட்டில் வைத்தேன். செங்கல் சிவப்பு வந்திருக்கிறது. சூடு கூடினால் பழுப்பு ஏறிவிடுகிறது. வலது தோளுக்கான நாடாவை இதில் சாயமேற்றப் போகிறேன், இந்த முறை பட்டில். செதில் வெட்ட ஆரம்பித்தாயிற்று.