வேலூர் போற வரைக்கும்

2024 ஜூன் 16, ஞாயிறு

அம்மாவக் காட்ட வேலூர் ஆஸ்பத்திரில தேதி வந்திருச்சு. ஜூலை 8, காலைல எட்டு மணிக்கு அங்க இருக்கணும்.

ஜூன் 17, திங்கள்

அண்ணன் ரயில்ல போவோம்னு சொல்லுச்சு, அம்மா படுத்துட்டே வரலாம்னு. படுக்கிறது சரி, சாப்பாடு? ரெண்டு மணிக்கூருக்கு ஒருக்கா, சூடா, வடிகட்டின பொடியரிசி கஞ்சி, உப்பு பேருக்கு, வேற ஒண்ணும் தொண்டைல இறங்காது. ரயில்ல அடுப்பு பத்த வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. போன வருஷம் ஆகஸ்ட் 26 விடியக்காலம் மதுரைல எரிஞ்சுதே சுற்றுலாப் பெட்டி, அதை நம்ம நாகர்கோவில் ஜங்ஷன்ல வச்சுதான் புனலூர் வண்டில கோத்து விட்டாங்க. உள்ள ஒளிச்சு கொண்டு வந்த சிலிண்டர்ல சாயா போடப் போயி 9 பேரு போயிட்டாங்க. அந்த ஸ்டேஷனைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும். அடுப்போ சிலிண்டரோ ரயில்ல கொண்டு போனா மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், அப்படித்தான் இருக்கணும்.

கார்தான். முடிவு.

ஜூன் 18, செவ்வாய்

பிளாஸ்க்ல ஊத்திட்டு போவோம்னு மைனி சொன்னாங்க. வச்சுப் பாத்தாச்சு. காலைல நாலு மணிக்கு ஊத்தினது மத்தியானம் திறந்தா நூல் விடுது, மணமும் மாறிருச்சு. ஹோட்டல்ல கேட்டு வாங்கலாம்ங்கிற பேச்சே வேண்டாம், அந்த உப்பும் மிளகும் அம்மா வாயில பட்டா அன்னைக்குப் பூரா தண்ணியும் இறங்காது. 600 கிலோமீட்டருக்கு மேல ரோடு. எங்க நிறுத்தினாலும் அங்க கொதிக்கணும், எனக்கு அது போதும்.

ஜூன் 19, புதன்

ராத்திரி பூரா கேம்பிங் அடுப்பு வீடியோ. பேசுறவங்க எல்லாம் மலை ஏறுறவங்க. மரை போட்ட குட்டை கேன், அதுக்கு மேல கைக்குள்ள அடங்குற பர்னர், அழகாத்தான் இருக்கு. கேனுக்குள்ள ஐசோபியூட்டேன் இருக்கணும்ங்காங்க, ஏன்னா சாதா பியூட்டேன் பூஜ்யம் டிகிரி கிட்டப் போனா ஆவியாகாது, ஐசோபியூட்டேன் மைனஸ் 11 வரைக்கும் தாங்கும், புரோப்பேன் மைனஸ் 42. லடாக் போறவங்களுக்கு அது சரி. திருச்சில விடியக்காலமே வேர்க்கும், நமக்கு சாதா பியூட்டேன் தாராளம். அந்த மரை கேன் தீந்தா உளுந்தூர்பேட்டைல எவன் வச்சிருப்பான்? அடுப்பைப் பாத்து எரிபொருள் தேடக் கூடாது, எது வழில கிடைக்கும்னு பாத்துட்டு அப்புறந்தான் அடுப்பு.

ஜூன் 20, வியாழன்

கள்ளக்குறிச்சி கள்ளச்சாராயச் சாவு செய்தி. பாக்க முடியல, டிவிய அணைச்சேன்.

ஜூன் 22, சனி

ஸ்பிரிட் அடுப்புதான்னு மனசுக்குள்ள முடிவு பண்ணி வச்சிருந்தேன். ஒரு பித்தளைக் கிண்ணம், ஊத்திப் பத்த வச்சா தீந்துச்சு, கெட்டுப் போக அதுல பார்ட்டே கிடையாது, சத்தமும் இல்ல. ஆனா எரிக்கிற ஸ்பிரிட்டுக்கு லைசென்ஸ் வேணும், நினைச்ச கடைல வாங்க முடியாது, இந்த வாரம் அதப் பத்தி வாயத் திறக்கவே முடியல. மெடிக்கல்ல சர்ஜிகல் ஸ்பிரிட் பெரிய பாட்டில் இருக்கான்னு கேட்டேன், அந்தப் பையன் என் முகத்தையே பாத்தான். அவனைக் குத்தம் சொல்ல முடியாது. மெத்தனால் கலந்ததக் குடிச்சு அத்தனை பேரு சாகுற நேரத்துல யாரு கேட்டாலும் பாக்கத்தான் செய்வாங்க. நாம போற உளுந்தூர்பேட்டையும் அந்த மாவட்டந்தான், செக்கிங்ல வண்டிய நிறுத்தி இது என்னன்னு கேட்டா அம்மாவ வெயில்ல வச்சுட்டு நான் கஞ்சிக் கதை சொல்லிட்டு நிக்கணுமா. இன்னொண்ணு, ஸ்பிரிட் தீ பகல் வெளிச்சத்துல கண்ணுக்கே தெரியாது. அணைஞ்சிருச்சுன்னு நினைச்சு மேல ஊத்துறவங்க கை வெந்து போவாங்க. வேண்டாம்.

ஜூன் 23, ஞாயிறு

குளச்சல்ல அண்ணனோட கூட்டுக்காரர் பம்ப் அடுப்பு ஒண்ணு குடுத்து விட்டாரு, மண்ணெண்ணெயும் தாரேன்னாரு. கடக்கரைல வள்ளத்து இஞ்சினுக்கு வாங்கி வச்சிருப்பாங்க. நல்ல பித்தளை அடுப்பு, காத்துக்கும் அசையாது. முத்தத்துல வச்சு பின் குத்தி, சூடு பண்ணி, பம்ப் அடிச்சு, நீலத் தீ வந்திருச்சு. எனக்கு அவ்வளவு சந்தோஷம். உள்ள இருந்து அம்மா ஓங்கரிக்குற சத்தம்.

திருப்பிக் குடுத்தாச்சு.

ஜூன் 25, செவ்வாய்

இன்னைக்கு அரை டம்ளர்தான்.

ஜூன் 26, புதன்

தீயே வேண்டாம், கார்ல சிகரெட் லைட்டர் குழில சொருகுற கெட்டில் இருக்குன்னு மைனி காட்டினாங்க. கணக்கு போட்டுப் பாத்தேன். 12 வோல்ட், 10 ஆம்பியர் ஃபியூஸ், ஆக 120 வாட்ஸ். ஒரு லிட்டர் தண்ணி கொதிக்க முக்கால் மணிக்கூர், அதுவும் சூடு வெளிய போகாம இருந்தா. அரிசி வேகணும்னா அதுக்கு மேல. பசிக்குதுன்னு அம்மா சொல்றதே அபூர்வம், சொன்னா அந்த பத்து நிமிஷத்துக்குள்ள குடுக்கணும், இல்லன்னா அது போயிரும். முக்கால் மணிக்கூர் என்னத்துக்கு ஆகும்.

ஜூன் 28, வெள்ளி

பெட்ரோல் பங்க்ல சோட்டு சிலிண்டர் பாத்தேன், 5 கிலோ கேஸ், அட்ரஸ் புரூஃப் வேண்டாம், ஏதாவது ஒரு ஐடி போதும், வேற ஊர்லயும் மாத்திக்கலாம். எரிபொருள் கிடைக்குமாங்கிற கேள்விக்கு இதுக்கு மேல நல்ல பதில் இல்ல. ஆனா எங்க வண்டில பின் சீட்டுல அம்மா சாஞ்சு படுக்கணும், டிக்கில வீல் சேர் வேற. அந்தக் கனத்தை எங்க வைக்க. ரோட்டோரத்துல வீட்டு சிலிண்டர்ல இருந்து சின்ன சிலிண்டருக்கு ஏத்திக் குடுக்கிறாங்களே, அதை வாங்குன்னு ஒருத்தர் சொன்னாரு. அது மாத்திரம் செய்யவே மாட்டேன். அளவு தெரியாம ஏத்துறது, வாஷர் எந்தக் காலத்துதோ, அம்மாவ அது பக்கத்துல படுக்க வச்சுட்டு எனக்கு உறக்கம் வருமா.

ஜூன் 30, ஞாயிறு

வாங்கியாச்சு. சூட்கேஸ் மாதிரி பெட்டில வர்ற ஒத்தை பர்னர், பக்கவாட்டுல நீளமான பியூட்டேன் கேன் படுக்க வைக்கிற டைப். அடுப்பு எளுப்பமா கிடைச்சுது, கேனுக்குத்தான் அலைச்சல். கோட்டாறு, வடசேரின்னு நாலு இரும்புக் கடை ஏறி இறங்கி கேம்பிங் கேஸ் கேம்பிங் கேஸ்னு கேட்டேன், ஒருத்தருக்கும் தெரியல. செட்டிகுளம் பக்கம் கேட்டரிங் சாமான் விக்கிற அண்ணாச்சி, "ஃபிளேம் கன் கேஸா பிள்ள, அப்படிச் சொல்ல வேண்டியதுதானே"ன்னு அடில இருந்து எடுத்து வச்சாரு. பேக்கரிலயும் ஹோட்டல்லயும் தீ அடிக்கிற துப்பாக்கிக்குப் போடுற கேன், அதேதான் இதுக்கும். இந்தப் பேரைச் சொன்னா பெரிய ஊர் எல்லாத்துலயும் எடுத்துத் தருவாங்கன்னு அவரே சொன்னாரு. லைட்டர்ல ஏத்துற சின்ன கேஸ் டப்பா வேற, அது இதுல சேராது.

கேனோட கழுத்துல ஒரு வெட்டு இருக்கு, அது நேரா மேல வரணும். அப்படி வச்சு லீவரை அமுத்தினா டக்குன்னு ஒரு சத்தம். வெட்டு சாஞ்சிருந்தா லீவர் இறங்கவே இறங்காது. உள்ள பிரஷர் கூடினா கேனை அதுவே வெளிய தள்ளி விட்டுரும். அம்மா பக்கத்துல உக்காந்து பாத்துட்டே இருந்துச்சு. "மக்ளே, மணமே இல்லியே."

மணம் இல்ல!

ஜூலை 2, செவ்வாய்

ஆரல்வாய்மொழி போய் அடுப்ப சோதிச்சோம். ஆனி மாசக் காத்து, முப்பந்தல் காத்தாடி எல்லாம் வெறி பிடிச்சு சுத்துது, இங்க எரிஞ்சா எங்கயும் எரியும்னுதான் இந்த இடம். முதல்ல வெட்ட வெளில வச்சோம், தீ ஒரு பக்கமா படுத்து, பாத்திரத்தைத் தொடவே இல்ல, கேஸ் சும்மா போகுது. அப்புறம் வண்டிக் கதவைத் திறந்து அந்த மறைவுல தரைல வச்சு, மூணு பக்கம் எண்ணெ டின் வெட்டின தகரம். கேன் இருக்கிற பக்கத்தை மட்டும் திறந்து விட்டேன், அதை மூடினா சூடு கேனுக்கு ஏறும், ஏறினா வெடிக்கும். பெரிய பாத்திரம் வச்சு கேனுக்கு மேல நீட்டிட்டு நின்னாலும் இதே கதைதான், அதனால சின்ன தூக்குவாளி. நிதானமா கொதிச்சுது. எரிஞ்சிட்டு இருக்கும்போது கேனைத் தொட்டா ஐஸா இருக்கு, மேல தண்ணி முத்து முத்தா கோத்து நிக்குது, உள்ள திரவம் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்குமாம்.

மழை வந்தா வண்டிக்குள்ள வச்சிரலாம்னு அண்ணன் சொல்லுச்சு. வேண்டாம்னு சத்தம் போட்டுட்டேன். அடைச்ச வண்டில கார்பன் மோனாக்சைடு மணமே இல்லாம ஆளைச் சாய்ச்சிரும். மழை வந்தா ஏதாவது கடைத் திண்ணை.

ஜூலை 3, புதன்

கஞ்சி முறை சரியாயிருச்சு. பொடியரிசிய ஊற வச்சு, அடுப்புல அஞ்சாறு நிமிஷம் கொதிக்க விட்டு, அப்படியே வெந்நி விட்டுச் சூடாக்கின வாய் அகலமான பிளாஸ்க்ல கவுத்து மூடினா வண்டி ஓடிட்டு இருக்கும்போதே ஒரு மணிக்கூர்ல குழைய வெந்திருது. குடுக்கப் போறப்ப வடிகட்டி லேசா ஒரு கொதி. ஒரு கேன் 220 கிராம் பக்கம், ஒரு லிட்டர் கொதிக்க காத்து இல்லாம இருந்தா 15 கிராமுக்குள்ள. போக ரெண்டு கேன், கூட ஒண்ணு. ரெண்டாவது கஞ்சியும் குடிச்சுது இன்னைக்கு.

ஜூலை 4, வியாழன்

எடை 38.

ஜூலை 5, வெள்ளி

கேன்ல 50 டிகிரிக்கு மேல வைக்காதன்னு போட்டிருக்கு. வெயில்ல நிறுத்தின வண்டிக்குள்ள அதுக்கு மேலயே போகும். எங்க நிறுத்தினாலும் கேன் பையோட என் கூட இறங்கணும். ஓடும்போது அடுப்புல மாட்டி வைக்கக் கூடாது, கழட்டி மூடி போட்டு முன் சீட்டுல என் காலடில. இதையே அண்ணன்கிட்ட திரும்பத் திரும்ப சொல்லிட்டு இருக்கேன், அதுவும் ம் ம்னு கேட்டுக்குது.

அங்க என்ன சொல்லப் போறாங்களோ.

ஜூலை 6, சனி

விடியக்காலம் கிளம்பினோம். கயத்தாறு தாண்டி வேப்ப மரத்தடில முதல் கஞ்சி, முக்கா டம்ளர். விருதுநகர் தாண்டி ரெண்டாவது, பங்க் பக்கத்துல நிறுத்தப் போன அண்ணனை அரை கிலோமீட்டர் தள்ளிப் போகச் சொன்னேன். திருச்சில லாட்ஜ். ரூம்ல தீ கூடாது, கேட்கவே இல்ல, கீழ அடுக்களைல வெந்நி குடுத்தாங்க, நல்ல மனுசங்க.

ஜூலை 7, ஞாயிறு

உளுந்தூர்பேட்டைக்கு முன்னாடி செக்கிங். போலீஸ்காரர் பெட்டியத் திறந்து பாத்தாரு, அம்மாவப் பாத்தாரு, போங்கம்மான்னாரு. திருவண்ணாமலைல மழை, சாயாக்கடைத் திண்ணைல வச்சு எரிச்சேன். அம்மா பசிக்குதுன்னு சொல்லுச்சு. தானா.

ஜூலை 8, திங்கள்

ரெண்டாவது கேன் குலுக்கினா பாதிதான் இருக்கு, இங்க எத்தனை நாளாகும்னு தெரியல, பஜார் பக்கம் கேட்டரிங் கடை இருக்கான்னு மத்தியானம் தேடணும், ஃபிளேம் கன் கேஸ்னு கேக்கணும். அண்ணன் கை காட்டுது, நம்பர் வந்திருச்சு போல