மகன் முகத்தைப் பார்த்து எழுதும் பத்திரம்

மார்த்தாண்டம் பக்கம் பத்திரம் எழுதுவதுதான் என் பிழைப்பு. கிறிஸ்துமஸ் நெருங்கினால் எங்களுக்கு வேலை கூடிவிடும். வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகள் லீவில் வருவார்கள், வந்த கையோடு அப்பாவையோ அம்மாவையோ ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிவந்து, "லீவு முடியிறதுக்குள்ள வீட்டை என் பேருக்கு எழுதிரணும்" என்பார்கள். அவர்கள் கேட்பது தானசெட்டில்மெண்ட், அதாவது உயிரோடு இருக்கும்போதே சொத்தைச் சும்மா எழுதிக்கொடுத்துவிடும் பத்திரம். குடும்பத்துக்குள் என்றால் செலவும் குறைவு: சொத்து மதிப்பில் முத்திரைத்தீர்வை 1 சதவீதம், மிஞ்சிப்போனால் 40,000 ரூபாய், பதிவுக்கட்டணம் 1 சதவீதம், மிஞ்சிப்போனால் 10,000. 2023 ஜூலையில் கூட்டிய பிறகும் கிரயப் பத்திரத்தோடு ஒப்பிட்டால் சல்லிசுதான்.

ஆனால் பதிவாகிக் கைமாறின அந்த நிமிஷத்திலிருந்து அது பெரியவரின் வீடு இல்லை, அவர் அதில் தங்கியிருப்பவர், அவ்வளவுதான். மனசு மாறினால் தானாகப் போய் ரத்து செய்துவிட முடியாது. உயில் அப்படி இல்லை. சாகும்வரை சொத்து அவருடையது, எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம், கடைசியாக எழுதியதுதான் செல்லும். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயம் இல்லை (நான் பதியச் சொல்வேன், அது வேறு விஷயம்), இரண்டு சாட்சி இருந்தால் போதும். இதைச் சொன்னால் பிள்ளைகளுக்குப் பிடிப்பதில்லை. "நாளைக்கு அக்கா வந்து கேஸ் போட்டா?" என்பார்கள். அந்தப் பயத்தை முழுக்க ஒதுக்கவும் முடியாது, உயில் மேல் வழக்கு வரத்தான் செய்கிறது. ஆனாலும் அந்தப் பயம் பிள்ளையுடையது, வீடு பெரியவருடையது என்பதுதான் என் கட்சி.

அதனால் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். பிள்ளைகளை டீ குடித்துவிட்டு வரச் சொல்லிவிட்டு, பெரியவரிடம் தனியாகப் பேசுவேன். பாதிப் பேர், "எனக்கு எதுக்கு மக்கா, அவனுக்குத்தானே" என்பார்கள். சிலர் பேச மாட்டார்கள், தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். செட்டில்மெண்ட்தான் என்று முடிவாகிவிட்டால் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுவேன். ஆயுள்காலம் வரை அந்த வீட்டில் குடியிருக்கவும் வருமானம் எடுக்கவும் அவருக்கும் அவர் மனைவிக்கும் உரிமை உண்டு என்று ஒன்று, பெற்றுக்கொள்பவர் சாப்பாடு, மருந்து உள்ளிட்ட தேவைகளைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் கொடுக்கப்படுகிறது என்று இன்னொன்று. இந்த இரண்டாவது வரியை வாசிக்கும்போதுதான் மகன் முகம் மாறும். "இதென்ன, எங்களை நம்பலியா?" உடனே அப்பாவே சங்கடப்பட்டு, "அது வேண்டாம், வெட்டிருங்க" என்பார். நான் பார்த்தவரை அந்த வரியை வெட்டச் சொல்பவர் பெரும்பாலும் பெரியவர்தான், பிள்ளை இல்லை.

அந்த வரி ஏன் முக்கியம் என்றால், 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு அதைத்தான் பிடித்துக்கொள்கிறது. 60 வயது ஆனவர் கவனிப்பை நிபந்தனையாக வைத்து எழுதிக்கொடுத்து, வாங்கியவர் கவனிக்காமல் விட்டால், அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கக் கோரலாம். இதற்குக் கோர்ட் படி ஏற வேண்டாம், கோட்ட அளவிலான தீர்ப்பாயத்திடம் மனுக் கொடுத்தால் போதும். நம் பக்கத்தில் தக்கலையில் இருக்கும் பத்மநாபபுரம் சப்-கலெக்டர், கிழக்கே நாகர்கோவில் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்). நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025-இல் வந்த தீர்ப்புகள் பெற்றோர் பக்கம் கொஞ்சம் தாராளமாகவே பார்க்கின்றன, சென்னை உயர்நீதிமன்றம் அன்பும் பாசமும் காரணமாக எழுதியதிலேயே அந்த நிபந்தனை அடங்கியிருக்கிறது என்றுகூடச் சொன்னது. இருந்தாலும் ஒரு வரி எழுதிவிட்டால் முடிகிற விஷயத்துக்கு எதற்கு நீதிபதியின் தாராளத்தை நம்பி இருக்க வேண்டும்?

அடுத்து பெண்பிள்ளைகள் விவகாரம். "அவளுக்குத்தான் சீதனம் கொடுத்தாச்சே, பங்கு எப்படி வரும்?" என்று கேட்காத குடும்பமே இந்த ஊரில் குறைவு. அது வெறும் வாய்ப்பேச்சு இல்லை, ஒரு காலத்தில் சட்டமே அப்படித்தான் இருந்தது. இந்தக் கன்னியாகுமரி ஜில்லா 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் வழியில் வந்தது, அங்கே 1916-இல் கிறிஸ்தவர்களுக்கென்று வந்த வாரிசுச் சட்டத்தில் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. சீதனம் கொடுத்திருந்தால் அதுவும் கிடையாது. 1986-இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம், 1951 ஏப்ரல் 1 முதலே அந்தச் சட்டம் போய்விட்டது, 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்று தீர்த்துவைத்தது. கேரளத்து வழக்கு, நமக்கென்ன என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், நமக்கும் சேர்த்துத்தான். உயில் இல்லாமல் கிறிஸ்தவர் ஒருவர் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மிச்சம் ஆண், பெண் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமம். சீதனம் கொடுத்த மகளிடம் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் வாங்காமல், வெறுமனே அண்ணன் பெயருக்குப் பட்டா மாற்றிவிட்டால் பங்கு போய்விடாது.

இதே சட்டத்தில் பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. கிறிஸ்தவக் குடும்பத்தில் மகன் உயில் எழுதாமல் இறந்து, அவனுக்கு மனைவியும் பிள்ளைகளும் இருந்தால், அவனைப் பெற்ற அம்மாவுக்குச் சட்டப்படி ஒரு செண்ட் கூட வராது. இந்துக் குடும்பத்தில் அம்மாவுக்கு மனைவி, பிள்ளைகளுக்குச் சமமான பங்கு உண்டு. மகன் பெயருக்கு எல்லாவற்றையும் எழுதிக்கொடுத்துவிட்டு, அவன் விபத்தில் போய், மருமகள் பிள்ளைகளோடு தன் ஊருக்குக் கிளம்பிவிட்ட பிறகு வந்து நிற்கிற ஒரு அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் பழகவில்லை.

சாட்சி விஷயத்திலும் கவனம் தேவை. பெரியவர்கள் தங்கள் வயதுக் கூட்டாளிகளையே கூட்டிவருவார்கள், 80 வயதுக்காரருக்கு 78 வயதுச் சாட்சி. கோர்ட்டில் உயிலை நிரூபிக்க ஒரு சாட்சியாவது உயிரோடு வந்து சொல்ல வேண்டியிருக்கும் என்பதால், நாற்பது வயதுக்குள் இருக்கும் இரண்டு பேரைப் பாருங்கள். அதற்காக, சொத்து கிடைக்கப்போகிற மகளின் கணவரைச் சாட்சி போடச் சொல்லிவிடாதீர்கள். கிறிஸ்தவர் எழுதும் உயிலில் சாட்சிக்கோ சாட்சியின் மனைவிக்கோ கணவருக்கோ எழுதிவைத்த பகுதி செல்லாமல் போய்விடும்.

அப்புறம் நாமினி. பேங்கில் நாமினி போட்டாச்சு, இனி பணம் அவனுக்குத்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நாமினி பணத்தை வாங்கிக்கொள்ள உரிமை உள்ளவர், அதைப் பங்குவைப்பது வாரிசுகளுக்கு இடையில். தன் சார்பில் காரியம் பார்க்க இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பவர் பத்திரமும் அப்படித்தான், எழுதிக்கொடுத்தவர் இறந்த அன்றே பொதுவாக அதுவும் முடிந்தது. பெரியவருக்குப் புத்தி தெளிவு போய்விட்டாலும் அதே கதைதான், ஆகவே மறதி நோய் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று பவரை நம்பி இருக்காதீர்கள்.

லீவில் வரும் பிள்ளைகள் நிஜமாகவே உதவ நினைத்தால், பத்திரம் எழுதுவதற்கு முன்னால் அப்பாவோடு உட்கார்ந்து இருக்கிற பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். பாதி வீடுகளில் மூலப்பத்திரம் மலையாளத்தில், கொல்லம் ஆண்டுத் தேதியோடு இருக்கும். வாசிக்கத் தெரிந்தவரை வைத்து இப்போதே தமிழில் எழுதி வாங்குங்கள். எந்த விளை (தோட்டம்) ஒற்றியில் (அடமானத்தில்) இருந்து மீட்டது, எதற்கு மீட்ட பத்திரமே போடவில்லை, எந்த எல்லைக்கல் பக்கத்து வீட்டுக்காரர் நகர்த்தியது என்றெல்லாம் அவருக்கு மட்டும்தான் தெரியும், வில்லங்கச் சான்றிதழில் அதெல்லாம் வராது.