ஆர்கானிக் சர்டிபிகேட்: இன்ஸ்பெக்டர் வர்றதுக்கு முன்னாடி நடக்கறது

ஆர்கானிக் சர்டிபிகேட் வாங்கப் போறேன்னு சொல்றவங்க எல்லாரும் பயப்படறது இன்ஸ்பெக்‌ஷனுக்குத்தான். ஆபீசர் வருவாரு, மண்ணை அள்ளிப் பாப்பாரு, சாளையைத் தொறந்து மருந்து பாட்டில் கிடக்குதான்னு தேடுவாருன்னு. அதெல்லாம் நடக்கும்தான். ஆனா அதுக்கு முன்னாடியே ஒரு கட்டம் இருக்கு, யாரும் தோட்டத்துப் பக்கமே வராம ஆபீஸ்ல உக்காந்து நம்ம பேப்பரை மட்டும் வெச்சுப் பாக்கறது, அப்ளிகேஷன் ரிவ்யூம்பாங்க. எங்க தோட்டத்துக்குப் பண்ணினப்பவும் சரி, அப்புறம் அக்கம்பக்கத்துல சிலருக்கு ஃபார்ம் எழுதிக் குடுத்தப்பவும் சரி, நல்லா விவசாயம் பண்றவங்களே மனசு விட்டுப் போறது இந்த இடத்துலதான், அதான் கொஞ்சம் விவரமா எழுதறேன்.

முதல்ல யாரு எதைப் பாக்கறாங்கன்னு சொல்லிடறேன். ஏற்றுமதி வரைக்கும் செல்லுபடியாகற சர்டிபிகேட்டுன்னா அது என்.பி.ஓ.பி., அதாவது தேசிய இயற்கை உற்பத்தித் திட்டம், மத்திய வணிக அமைச்சகத்தோடது, நடத்தறது அபீடாங்கற வேளாண் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம். அபீடா நமக்கு நேரா சர்டிபிகேட் தராது, அதுகிட்ட அங்கீகாரம் வாங்கின ஏஜென்சிகள்தான் தரும். தமிழ்நாட்டுல கவர்மெண்ட்டோடதே ஒண்ணு கோயமுத்தூர் தடாகம் ரோட்டுல இருக்கு, விதைச்சான்று அங்ககச்சான்று துறைன்னு சொன்னா ஆட்டோக்காரருக்கே தெரியும். அது போக தனியார் ஏஜென்சி நிறைய. எங்க போட்டாலும் விவரம் எல்லாம் கடைசியில அபீடாவோட ஆன்லைன் பதிவேடான டிரேஸ்நெட்லதான் ஏறும், அதனால ஒரு தடவை தப்பா ஏறிட்டா மாத்தறது பெரும்பாடு. இவங்க ஆரம்பத்துலயே இவ்வளவு நோண்டறதுக்கு அதுவும் ஒரு காரணம்னு நான் நினைக்கறேன்.

சரி, உள்ள என்னதான் பாக்கறாங்க? நீங்க குடுத்த எல்லாப் பேப்பரும் ஒரே கதையைச் சொல்லுதான்னு பாக்கறாங்க, அவ்வளவுதான். கோபி பக்கம் எங்களுக்குப் பழக்கமான ஒரு மாமா, ரெண்டு ஏக்கர் மஞ்சள், மீதி தென்னை. அப்ளிகேஷன் போட்டுக் கொஞ்ச நாள்ல ஒரு மெயில் வந்துருக்கு, போனைப் போட்டு "தம்பி, ரிஜெக்ட் பண்ணிட்டாங்க, விட்டுத் தொலைச்சர்லாம்"னாரு. போய்ப் பாத்தா ரிஜெக்டும் இல்ல ஒண்ணும் இல்ல, வரிசையா கேள்வி. பட்டாவுல பரப்பு 0.81.0னு இருக்கு, ஃபார்ம்ல 2 ஏக்கர் 20 சென்ட்னு போட்டிருக்கீங்க, எது சரி? அடங்கல்ல (வி.ஏ.ஓ. ஆபீஸ் பயிர்க் கணக்கு) பயிர் மரவள்ளின்னு இருக்கு, நீங்க மஞ்சள்னு எழுதியிருக்கீங்க. பட்டா வேற ஒருத்தர் பேர்ல இருக்கு, உங்களுக்கு அந்த நிலத்துல என்ன உரிமை? இப்படியே போகுது.

இதுல ஒவ்வொண்ணுக்கும் பதில் மாமாகிட்ட இருக்கு, பேப்பர்லதான் இல்ல. 0.81 ஹெக்டேர்னா கணக்கா 2 ஏக்கர், அந்த 20 சென்ட் எங்கிருந்து வந்துச்சுன்னா ஓடைப் புறம்போக்கையும் சேத்து அவங்கப்பா காலத்துலருந்து உழுதுட்டு இருக்காங்க, அதைக் கணக்குல சேக்கவே முடியாது. அடங்கல்ல மரவள்ளி இருந்தது முந்தின பசலியோடது, வி.ஏ.ஓ. ஆபீஸ்ல இந்த வருஷத்துக்கு வாங்காம பழைய ஜெராக்ஸையே வெச்சுட்டாரு. பட்டா அவங்கய்யன் பேர்ல, அண்ணன் தம்பி மூணு பேருக்கும் பாகம் பிரிச்சாச்சு, ஆனா எல்லாம் வாய்ப் பேச்சு. நம்ம பக்கம் பாதி நிலத்தோட கதை இதுதானுங்களே. கூட்டுப்பட்டாவா இருந்தா மத்தவங்க சம்மதம் எழுத்துல வேணும், குத்தகைன்னா ஒப்பந்தம் வேணும். இதுக்கும் ஆர்கானிக்குக்கும் என்ன சம்பந்தம்னு மாமா கேட்டாரு. நாளைக்கு தம்பி வந்து என் பாகம்னு சொல்லி யூரியா போட்டா யாரு பொறுப்புன்னு நான் திருப்பிக் கேட்டேன், பேசாம இருந்துட்டாரு.

அடுத்தது மேப். நிறைய பேர் எஃப்.எம்.பி. ஸ்கெட்ச்சை (சர்வே நம்பர் வாரியான நில அளவை வரைபடம்) டவுன்லோடு பண்ணி அப்படியே வெச்சுடறாங்க. அதுல சர்வே எல்லைக்கோடு இருக்கும், அளவு இருக்கும், ஆனா இவங்களுக்கு வேண்டியது அது மட்டும் இல்ல. கிணறு எங்க, வாய்க்கால் எந்தப் பக்கமிருந்து வருது, நாலு பக்கமும் யார் தோட்டம், அவங்க என்ன பயிர் வெச்சிருக்காங்க, மருந்து அடிக்கறாங்களா, அடிச்சா நம்ம பக்கம் வராம இருக்க என்ன விட்டிருக்கீங்க, இதெல்லாம் அந்த மேப்புல தெரியணும். பஃபர்னு சொல்றது அதைத்தான். பக்கத்துக் காட்டுல பருத்தின்னா கேள்வி கண்டிப்பா வரும். வாய்க்கால் பாசனம்னா தண்ணி யார் யார் வயல் வழியா வருதுன்னும் கேப்பாங்க, சாயக்கழிவு கலக்கற வாய்க்காலா இருந்தா இன்னும் கூடவே. கையால வரைஞ்சா போதும், கம்ப்யூட்டர்ல அழகா போடணும்னு இல்ல, ஆனா வடக்கு எதுன்னு குறிச்சுடுங்க.

இடுபொருள் பக்கம்தான் எனக்குப் பிடிச்ச பக்கம், ஏன்னா அங்கதான் ஆளுக்கு ஆள் ஒரே பாட்டு: "இயற்கை உரம்தான் போடறோம்". இது பதிலே இல்லைங்க. பஞ்சகவ்யமா, ஜீவாமிர்தமா, வேப்பம் புண்ணாக்கா, வீட்டுல தயார் பண்ணதா கடையில வாங்கினதா, கடைன்னா எந்த கம்பெனி, பில் இருக்கா, இதுதான் வேணும். சூடோமோனாஸ், விரிடி மாதிரி நோயைத் தடுக்கற நுண்ணுயிர் மருந்து வாங்கினா கூட அந்தப் பாக்கெட்டுல என்ன சேத்திருக்காங்கன்னு ஏஜென்சி பாக்கணும். கோழி எருன்னு ஒரு வார்த்தை எழுதிட்டா அடுத்த கேள்வி உடனே வரும், எந்தப் பண்ணை, எப்படி வளக்கறாங்கன்னு, ஏன்னா கூண்டுல அடைச்சு ஃபேக்டரி மாதிரி வளக்கற பண்ணையோட எருவை ஆர்கானிக்ல ஒத்துக்க மாட்டாங்க. விதை மஞ்சளை எங்க வாங்கினீங்க, நடறதுக்கு முன்னாடி கார்பெண்டாசிம்ங்கற பூஞ்சை மருந்துல நனைச்சீங்களாங்கறதும் அதே மாதிரிதான். வாங்கினவர் நனைக்காட்டியும் வித்தவர் நனைச்சிருக்கலாம் பாருங்க.

அப்புறம் மாமாவோட தென்னை. ஃபார்ம்ல மஞ்சள் நிலத்தை மட்டும் போட்டுட்டு தென்னையைப் பத்தி ஒரு வரி எழுதல. ஒரே ஆளோட நிலத்துல ஒரு பகுதி ஆர்கானிக், ஒரு பகுதி சாதான்னா அதைச் சொல்லியே ஆகணும், ஸ்பிரேயர் தனியா, உரம் வெக்கற இடம் தனியா, கணக்கு தனியான்னு காட்டணும். தென்னையா இருந்ததால தப்பிச்சாரு, அந்தப் பக்கமும் மஞ்சளே இருந்திருந்தா இன்னும் சிக்கல். வேக வெச்சு காயப்போட்டு பாலிஷ் போட்ட பிறகு எது ஆர்கானிக் மஞ்சள் எது சாதா மஞ்சள்னு விளைவிச்சவருக்கே தெரியாது. இன்னொண்ணு, மஞ்சள் வேக வெக்கற பாய்லர் நம்ம ஊர்ல வாடகைக்கு வர்றது, ஊர் மஞ்சள் எல்லாம் வெந்து வர்ற அதே பாய்லர்தான், அதையும் கேட்டிருந்தாங்க. நான் அசந்துட்டேன், அந்த ஆபீஸ்ல யாரோ நிஜமா மஞ்சள் காடு பாத்தவங்க இருக்காங்க.

இப்ப எல்லாரும் கோவப்படற விஷயத்துக்கு வர்றேன். கேள்வி கேக்கறாங்க, சரி, எப்படி சரி பண்றதுன்னு போன் பண்ணிக் கேட்டா சொல்ல மாட்டேங்கறாங்க. "ஸ்டாண்டர்ட்ல இந்த எடத்துல இருக்கு பாருங்க சார்"ங்கறதோட நிறுத்திக்கறாங்க. திமிர் புடிச்சவங்கன்னு மாமா திட்டினாரு. ஆனா அவங்க சொல்லக்கூடாதுங்கறதுதான் ரூல். சர்டிபிகேட் குடுக்கற ஏஜென்சிகளுக்கு ஐ.எஸ்.ஓ. 17065னு ஒரு நெறிமுறை இருக்கு, அதுப்படி சர்டிபிகேட் குடுக்கறவங்களே கன்சல்டன்ட் வேலையும் பாக்கக்கூடாது. இந்த ரூல் என்னன்னு விளக்கலாம், உங்க தோட்டத்துல இத்தனை அடி விட்டு அகத்தி நடுங்கன்னு சொல்லித் தரக்கூடாது, பரீட்சை வெக்கறவரே டியூஷன் எடுத்த மாதிரி ஆயிடும். அந்த உதவிக்கு வேளாண்மை ஆபீஸ், கே.வி.கே.ங்கற வேளாண் அறிவியல் நிலையம், முன்னாடியே சர்டிபிகேட் வாங்கின விவசாயி, இவங்களைத்தான் புடிக்கணும். ஆனா நாங்களே ஃபார்ம் ஃபில் பண்ணி சர்டிபிகேட்டும் வாங்கித் தர்றோம்னு மொத்தமா ரேட் பேசற புரோக்கர்கிட்ட மட்டும் போயிடாதீங்க. அவங்க எழுதற ஃபார்ம்ல எல்லாத் தோட்டத்துக்கும் ஒரே பதில் இருக்கும், ரிவ்யூல அது பளிச்சுனு தெரியும்.

பத்து வருஷமா மருந்தே அடிக்கலைன்னு சொல்றவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். என்.பி.ஓ.பி.ல மாறுதல் காலம்னு ஒண்ணு இருக்கு, மஞ்சள், நெல் மாதிரி ஒரு பருவப் பயிருக்கு விதைக்கறதுக்கு முன்னாடி 2 வருஷம், தென்னை, மா மாதிரி நீண்டகாலப் பயிருக்கு முதல் அறுவடைக்கு முன்னாடி 3 வருஷம். நிலத்தோட பழைய நிலவரத்துக்கு ஆதாரம் இருந்தா அதைக் குறைக்க வழி இருக்கு. ஆதாரம்னா ஊர்க்காரங்க எல்லாருக்கும் தெரியும்ங்கறது இல்ல, எழுதி வெச்ச கணக்கு, பில், பி.ஜி.எஸ்.ல (விவசாயிகளே குழுவா சேந்து ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கற சான்று முறை) இருந்தீங்கன்னா அந்த ரெக்கார்டு. இன்னொரு பக்கம், வேற ஏஜென்சில முன்னாடி பதிவு பண்ணி விட்டிருந்தா அதை மறைக்காதீங்க, டிரேஸ்நெட்ல தெரிஞ்சுடும், அங்கிருந்து ஆட்சேபனை இல்லைங்கற என்.ஓ.சி. கடிதம் வாங்கிட்டுத்தான் இங்க வர முடியும்.

குழுவா போடறவங்களுக்கு இதெல்லாம் அத்தனை பேருக்கும் உண்டு. ஒரு குழுவுல குறைஞ்சது 25, அதிகபட்சம் 500 விவசாயி. 2025 ஜனவரில வந்த என்.பி.ஓ.பி. 8வது பதிப்புப்படி குழுவுக்கு சட்டப்படியான அமைப்பும் வேணும், சும்மா பேர் லிஸ்ட்டு போதாது. ரிவ்யூ பண்றவரு நில விவரத்தைப் பாக்கறதுக்கு முன்னாடி உங்க உள் கண்காணிப்பு எப்படி, யாரு யாரைப் பாக்கறாங்கன்னுதான் கேப்பாரு.

ஏற்றுமதி எண்ணமே இல்ல, இங்க ஈரோட்டுலயும் கோயமுத்தூர்லயும் வித்தா போதும்னா பி.ஜி.எஸ். யோசிங்க. அஞ்சு விவசாயி சேந்தா ஒரு குழு, ஒருத்தர் தோட்டத்தை ஒருத்தர் பாக்கறது, செலவு பெருசா இல்ல. வெளிநாட்டுக்கு அது செல்லாது, அவ்வளவுதான். மாமாவுக்கும் இதைத்தான் சொன்னேன், கேக்கல, வாங்கறவன் என்.பி.ஓ.பி. கேக்கறானாம்.

மெயிலுக்கு பதில் போடறப்ப கேள்வி நம்பர் வாரியா போடுங்க, போன்ல பேசினதையும் மெயில்ல எழுதி அனுப்புங்க, குடுத்த கெடுவுக்குள்ள போடுங்க. தெரியாததுக்கு அடிச்சு விடாதீங்க. வடக்குப் பக்கத்துக்காரர் என்ன மருந்து அடிக்கறாருன்னு தெரியலைன்னா தெரியலைன்னே எழுதலாம், பஃபர் எவ்வளவு விட்டிருக்கீங்கன்னு மட்டும் சரியா எழுதுங்க. ரிவ்யூ முடிஞ்சதும் ஒப்பந்தத்துல கையெழுத்து, கட்டணம், அப்புறம் இன்ஸ்பெக்‌ஷன் தேதி வரும். ரிவ்யூல எழுதின குறிப்பும் அந்த ஃபைலோடவே இன்ஸ்பெக்டர் கைக்குப் போகும். மாமா தோட்டத்துக்கு வந்தவரு டீ கூட குடிக்காம நேரா அந்த ஓடைப் புறம்போக்கு எங்கன்னுதான் கேட்டாரு.