கதவைச் சாத்திவிட்டுக் கேட்ட கேள்வி

"தம்பி, நீங்கள் கொஞ்சம் வெளியில நில்லுங்கோ."

கோப்பாயில் இன்று தங்கச்சிக்குக் கிளினிக். குடும்பநல உத்தியோகத்தர் (மருத்துவிச்சி) மச்சானை அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தித்தான் கேட்டாராம்:

"வீட்டில பயமில்லாமல் இருக்கிறீங்களோ, பிள்ளை?"

எல்லாரிட்டயும் கேட்கிறதாம். அதுதான் சரி. ஒருத்தியை மட்டும் கேட்டால் ஊர் கதைக்கும், அவள் வாய் திறக்கமாட்டாள். புருஷனை வைத்துக்கொண்டு கேட்டால், பதிலுக்கான அடி வீட்டில் விழும்.

"பிள்ளைகளுக்காகப் பொறு" என்று சொல்கிற பெரியவர்களே, அந்தப் பிள்ளைகளும் நித்திரையில்லாமல் பார்த்துக்கொண்டுதான் கிடக்கிறார்கள்.

இலங்கையின் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, நீதவான் நீதிமன்றம் வன்முறை செய்கிறவரைத் தடுக்கிற பாதுகாப்புக் கட்டளையை 12 மாதம் வரை தரலாம்.

அரச ஆஸ்பத்திரிகள் பலவற்றில், வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவுகிற 'நட்பு நிலையம்' இருக்கிறது, விசாரியுங்கோ. பெண்கள் உதவிக்கு 1938 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுங்கோ.