பொதுச்சுவரில் சத்தம் நின்றது எப்படி

கோவை சரவணம்பட்டி பக்கம் தம்பியும் நானும் சேர்ந்து கீழே ரெண்டு, மேலே ரெண்டு என நாலு வீடு கட்டினோம். அம்மாவுக்குத் தூக்கம் லேசு. பக்கத்து வீட்டுப் பேச்சு உள்ளே கேட்கவே கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-இல் எட்டாம் பாகத்தின் நாலாம் பிரிவே ஒலித்தடுப்புக்குத்தான். ஆனால் எங்கள் பிளான் அப்ரூவலில் சத்தத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒப்பந்தத்தில் நாமே எழுதி வாங்கினால்தான் உண்டு.

இன்ஜினியர் பிளானில் ரெண்டு வீட்டுக்கும் நடுவில் வரும் பொதுச்சுவருக்கு நாலு இஞ்சு ஏஏசி பிளாக், அதாவது காற்றுக் குமிழ் நிறைந்த எடை குறைந்த கான்கிரீட் கல், போட்டிருந்தார். "வெயிலுக்கு நல்லதுங்க, பீமுக்கும் பாரம் குறையுமுங்க" என்றார். ரெண்டும் உண்மைதான். ஆனால் சத்தத்தை மறிப்பது சுவரின் எடை. இருபக்கமும் பூசிய ஒன்பது இஞ்சு செங்கல் சுவர் சத்தத்தை ஏறக்குறைய 50 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) குறைக்கும். நாலரை இஞ்சு என்றால் 45 பக்கம். அந்த அஞ்சு டெசிபலுக்கே எடை இரட்டிப்பாக வேண்டியிருக்கிறது. பொதுச்சுவர் மட்டும் ஒன்பது இஞ்சு என்று முடிவானது. அதற்கேற்ப பீமையும் மாற்றிக் கணக்குப் போட்டார். கடைக்கால் தோண்டும் முன்பே இதைப் பேசிவிடுங்கள்.

சுவர் எழும்பியதும் பூச்சுக்கு முன்னால் தம்பியை அந்தப்பக்கம் டார்ச் அடிக்கச் சொன்னேன். பீமுக்கு அடியில் கடைசி வரிசையில் செங்கல் துண்டுகளைச் செருகிவைத்திருந்த இடத்தில் கோடு கோடாக வெளிச்சம் வந்தது. வெளிச்சம் நுழையும் சந்தில் பேச்சும் நுழையும். மேஸ்திரி முகம் சுளிக்காமல் எல்லாவற்றிலும் கலவை திணித்துக் கொடுத்தார். ஸ்விட்ச் பாக்ஸ்கள் ரெண்டு வீட்டிலும் நேருக்கு நேர் குறிக்கப்பட்டிருந்தன. இருபக்கமும் குடைந்தால் நடுவில் சுவரே மிஞ்சாது. ரெண்டடி தள்ளி வைக்கச் சொன்னோம்.

கிரைண்டர் வேறு விஷயம். அதன் அதிர்வு மேடை வழியாகச் சுவருக்குள் இறங்கிவிடும், சுவர் எவ்வளவு கனமானாலும். அதனால் சமையல் மேடையை வெளிச்சுவர்ப் பக்கம் மாற்றி, கிரைண்டருக்கு அடியில் கனமான ரப்பர் போட்டோம். மாடியில் நடக்கிற சத்தம் குறைய, டைல்ஸுக்கு அடியில் வரும் கலவைத் தளத்தின் கீழே மெத்தென்ற ஷீட் விரித்து, ஓரத்தில் தளம் சுவரைத் தொடாமல் இடைவெளி விட வேண்டும். வீடு முழுக்கச் செய்யச் செலவு கட்டுப்படியாகவில்லை, அதனால் அம்மா படுக்கும் அறைக்கு மேலே மட்டும் செய்தோம். என் கணக்கில் அங்கே போட்ட காசுதான் உருப்படியான காசு.

பெயின்ட் அடிக்கும் முன் தம்பி வீட்டில் டிவியைச் சத்தமாக வைத்துவிட்டுக் கதவு ஜன்னல்களைச் சாத்தினோம். ஹாலில் ஒன்றுமில்லை. பாத்ரூமில் மட்டும் லேசாகக் கேட்டது. பைப் போகும் ஓட்டையைச் சுற்றி அடைக்காமல் விட்டிருந்தார்கள். பிளம்பர் மறுநாளே வந்து அடைத்துக் கொடுத்தார்.