முதல் தமிழ் வலைப்பக்கம்: கட்டமா, கேள்விக்குறியா, கிறுக்கலா?

வலைப்பக்கம் எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல் பழக நோட்பேடும் ஒரு பிரவுசரும் போதும், நெட் இணைப்புகூட வேண்டாம். கோப்பைச் சேமித்து டபுள் கிளிக் செய்தால் பக்கம் பிரவுசரில் திறக்க வேண்டும். மறுபடி நோட்பேடே வந்து நின்றால் கோப்பின் பெயரில்தான் கோளாறு. கோப்பின் வகையைச் சொல்லும் பெயரின் கடைசிப் பகுதியான எக்ஸ்டென்ஷனை விண்டோஸ் மறைத்தே வைத்திருக்கும். ஹெச்டிஎம்எல் என்று நாம் கொடுத்த பெயரின் வாலில் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொண்டிருக்கும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸை டிக் செய்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். சேமிக்கும்போதே ஆல் ஃபைல்ஸ் என்று தேர்ந்தெடுத்தால் இந்த வம்பே இல்லை.

தமிழில் எழுதுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இதற்கு அடுத்த இடத்தில். டேக் (கோண அடைப்புக்குள் எழுதும் ஹெச்டிஎம்எல் கட்டளை) எல்லாம் சரியாக இருக்கும், எழுத்து மட்டும் வராது. என்ன தெரிகிறது என்று கவனித்தாலே பாதி வேலை முடிந்தது.

கிறுக்கலாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், எழுத்து பத்திரமாக இருக்கிறது. எழுத்தை பைட்டுகளாகச் சேமிக்கும் என்கோடிங் முறையான யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். 'அம்மா' என்பது அ, ம, புள்ளி, ம, கால் என 5 குறி, ஆக 15 பைட். பிரவுசர் அதை மேற்கத்திய மொழிகளுக்கான பழைய முறையான விண்டோஸ்-1252 என்று எடுத்துக்கொண்டால் பைட்டுக்கு ஒன்றாகப் பிரித்துப் படிக்கும். தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ' வரிசையாக வந்து நிற்கும். ஹெட் டேக் திறந்ததும் முதல் வரியாக, என்கோடிங் எது என்று பிரவுசருக்குச் சொல்லும் மெட்டா சார்செட் யுடிஎஃப்-8 கொடுங்கள். முதல் 1024 பைட்டுக்குள் அது இருக்க வேண்டும் என்பது விதி. நீளமான கமென்ட்டுக்குக் கீழே தள்ளிவிட்டால் பலன் நிச்சயமில்லை.

கேள்விக்குறிகள் தெரிந்தால் கதை வேறு. கோப்பு தமிழுக்கு இடமில்லாத பழைய முறையான ஆன்சியில் சேமிக்கப்பட்டு எழுத்தே போய்விட்டது. மெட்டா வரி சேர்த்தும் பயனில்லை, மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியதுதான். விண்டோஸ் 10இன் 1903 பதிப்பிலிருந்து நோட்பேட் தானாகவே யுடிஎஃப்-8இல் சேமிக்கிறது. பழைய கணினியில் சேவ் ஆஸ் பெட்டியின் அடியில் என்கோடிங்கை நாமே மாற்ற வேண்டும். வெற்றுக் கட்டங்கள் என்றால் அந்தக் கருவியில் தமிழ் ஃபான்ட் இல்லை, அவ்வளவுதான்.

பக்கத்தை நெட்டில் வெளியிட உதவும் கிட்ஹப் பேஜஸில் ஏற்றியதும் படம் மட்டும் காணாமல் போகும். படத்தின் பெயரில் வரும் பெரிய எழுத்து ஜேபிஜியும் சின்ன எழுத்து ஜேபிஜியும் விண்டோஸுக்கு ஒன்றே, அங்கே இரண்டும் வேறு. எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியைத் திறந்து, பக்கத்தை ரீலோட் செய்தால் 404 (கோப்பு கிடைக்கவில்லை) என்று சிவப்பில் நிற்கும் கோப்புதான் ஆள். எல்லாப் பெயரையும் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல் வைத்துவிடுவது நல்லது. திருத்தி ஏற்றியும் மாறவில்லையா? சில நிமிடம் பொறுத்து கன்ட்ரோல் எஃப்5 அழுத்துங்கள். பிரவுசர் பழைய பிரதியையே காட்டிக்கொண்டிருக்கலாம்.