மயிலாப்பூரில் கல்லறை, ஓர்த்தோனாவில் எலும்புகள்

சாந்தோம் பேராலயத்தின் நிலவறைக் கல்லறைக்குச் சிறுவயதிலிருந்தே போய்க்கொண்டிருப்பவன் நான். அங்கே திருத்தூதர் தோமையாரின் உடல் இல்லை என்பதை யாரும் எங்களிடம் மறைத்ததில்லை. "எலும்பெல்லாம் இத்தாலியில் இருக்கிறது" என்பார் பெரியம்மா, வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல. நான் ரோமுக்குப் போகிறேன் என்று தெரிந்ததும் ஒரு வெள்ளைக் கைக்குட்டையைக் கொடுத்தார். "அவர் இருக்கும் இடத்தில் வைத்துச் செபித்துவிட்டு எடுத்து வா."

மத்தியதரைக் கடலின் கிளையான அத்ரியாத்திக் கடலோரத்தில், மேட்டின்மேல் இருக்கிறது ஓர்த்தோனா. ரோமிலிருந்து பஸ்ஸில் பெஸ்காரா, அங்கிருந்து ரயில். ரயில் நிலையம் கீழே துறைமுகத்தருகே, ஊர் மேலே. பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தே ஏறிவிடலாம் என்று நினைத்தது என் தப்பு. மேலே போய்ச் சேர்ந்தபோது செபிக்கும் நிலையில் இல்லை. கடலைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினேன். ஒரு பக்கம் அரகோனியர் காலத்துக் கோட்டை, பாதி இடிந்து நிற்கிறது. அங்கிருந்து கடலோரமாகவே நடந்தால் புனித தோமா பேராலயம்.

மயிலாப்பூரில் வேதசாட்சியாக இறந்த தோமையாரின் எலும்புகளை ஒரு வணிகர், இன்றைய துருக்கியில் இருக்கும் எதெசா நகருக்கு எடுத்துப் போனார் என்பது பழைய மரபு. நான்காம் நூற்றாண்டில் புனித எப்ரேம் பாடிய பாடல்களிலேயே அந்த வணிகர் வருகிறார். 1144இல் எதெசா வீழ்ந்தது. எலும்புகள் கிரேக்கத்தின் கியோஸ் தீவுக்குப் போய்ச் சேர்ந்தன.

இனி ஓர்த்தோனாக்காரர்களின் கதை. 1258ஆம் ஆண்டு. வெனிஸும் ஜெனோவாவும் கிழக்குக் கடலில் மோதிக்கொண்டிருந்த காலம். ஓர்த்தோனாவின் மூன்று கப்பல்களோடு கியோஸில் இறங்கிய தளபதி லெயோனே அச்சாயுவோலி அங்குள்ள கோயிலுக்குச் செபிக்கப் போகிறார். "இங்கே இருப்பவர் தோமா" என்கிறார் ஒரு முதியவர். லெயோனே முழந்தாளிட்டிருக்கும்போது ஒரு கை 'அருகே வா' என்று இருமுறை அழைக்கிறது. கல்லறைப் பலகையில் ஒரு துளை. அதற்குள் கையை விட்டு ஓர் எலும்பை எடுக்கிறார். மறுநாள் இரவு ஒரு தோழனோடு வந்து பலகையைப் பெயர்த்து, எலும்புகளை வெள்ளைத் துணியில் சுற்றிக் கப்பலேற்றுகிறார். பலகையையும் விடவில்லை! செப்டம்பர் 6ஆம் நாள் கப்பல் ஓர்த்தோனா வந்து சேர்ந்தது.

சுற்றி வளைக்காமல் சொன்னால் இது திருட்டு. ஆனாலும் இயேசு உயிர்த்தெழுந்தார் என்று கேட்டபோது "அவருடைய விலாவில் என் கையை இட்டாலன்றி நம்பமாட்டேன்" என்று அடம்பிடித்தவரின் கல்லறைக்குள்ளேயே ஒருவன் கையை விட்டுப் பார்த்து நம்பினான் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. தோமையாரே அழைத்திருந்தாலும் வியப்பில்லை.

வந்தவரைக் காப்பது ஓர்த்தோனாவுக்கு எளிதாக இருக்கவில்லை. 1566 ஆகஸ்டில் பியாலே பாஷாவின் துருக்கியக் கப்பற்படை வந்து கோயிலைக் கொளுத்தியது; எலும்புகள் தப்பின. 1943 டிசம்பரில் கனடியப் படையும் ஜெர்மன் பாராசூட் வீரர்களும் இந்தச் சிற்றூரில் வீடு வீடாகச் சண்டையிட்டார்கள். தெருவில் தலைகாட்டினால் குண்டு என்பதால் வீட்டுச் சுவரை உடைத்து அடுத்த வீட்டுக்குள் புகுந்தார்களாம். கிறிஸ்துமஸ் நாளிலும் சண்டை ஓயவில்லை. ஜெர்மானியர் கோபுரத்தை வெடிவைத்துத் தகர்த்ததில் பேராலயத்தில் பாதி சரிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்மக்கள் மாண்டார்கள். ஊருக்குத் தெற்கே மோரோ ஆற்றுக் கல்லறைத் தோட்டத்தில் 1,600க்கும் மேற்பட்ட வீரர்கள் உறங்குகிறார்கள். கோயிலைக் கட்டி முடித்து மறுபடி திறந்தது 1949இல்.

நான் போனது வேலை நாள் காலை. மே மாதத்து முதல் ஞாயிறன்று வெள்ளிச் சாவிகளை ஊர்வலமாகக் கொண்டுவந்து பெருவிழா எடுப்பார்கள். அப்போது ஊரே திரளுமாம். இன்று நிலவறையில் நானும் செபமாலை உருட்டிக்கொண்டிருந்த ஒரு பாட்டியும் மட்டுமே. பீடத்துக்குள்ளே பொன்முலாம் பூசிய செப்புப் பேழை, எலும்புகள் அதில்தான். கியோஸிலிருந்து வந்த கல்லறைப் பலகையும் இருக்கிறது. ஆசி வழங்கும் புனிதரின் அரை உருவம், கிரேக்க எழுத்தில் தோமாவின் பெயர், அந்தத் துளை. துளையைத்தான் நெடுநேரம் பார்த்தேன்.

மார்க்கோ போலோ 1290களில் சோழமண்டலக் கரைக்கு வந்தபோது, தோமையார் இறந்த இடத்துச் செம்மண்ணைக் கரைத்துக் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுப்பதைப் பற்றி எழுதி வைத்தார். உடலும் அங்கேதான் இருக்கிறது என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். ஓர்த்தோனாக் கணக்குப்படி எலும்புகள் இங்கே வந்து அப்போது முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. மண் தன் வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

கைக்குட்டையைப் பீடத்தின்மேல் விரித்து, "நீரே என் ஆண்டவர், நீரே என் கடவுள்" என்று தோமையாரின் சொற்களையே சொன்னேன். எழுந்தபோது பாட்டி எந்த ஊர் என்று சைகையில் கேட்டார். சென்னை என்றேன்; புரியவில்லை. மயிலாப்பூர் என்றதும் பேழையைக் காட்டி, பிறகு என்னைக் காட்டி, என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

ஊர் திரும்பிக் கைக்குட்டையைக் கொடுத்தேன். பெரியம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டு கேட்டார்: "கூட்டம் இருந்ததா?"

"இல்லை பெரியம்மா, ஒரே ஒரு பாட்டிதான்."

"துணைக்கு ஆள் இருக்கிறதே, போதும்" என்று சொல்லி அதை மடித்து விவிலியத்துக்குள் வைத்தார்.